கம்பத்தில் தொங்கிப் பந்து பிடித்த ஆர்தர் வார்ட்டன்

1942 ஜனவரி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் வெளிவந்த நாளிதழ் ஒன்றுக்கு வாசகர் ஒருவர் கடிதம் எழுதினார். போரைப் பற்றியல்ல, இளவயதில் தான் பார்த்த ஒரு கோல்கீப்பரைப் பற்றி. ராதர்ஹாம் அணிக்கும் ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணிக்கும் ஆலிவ் குரோவ் மைதானத்தில் ஆட்டம். எதிரணியின் முன்கள வீரர்கள் மூன்று பேர் பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்து வருகிறார்கள். கோல்கீப்பர் எம்பிக் குதித்து மேலே இருந்த குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கினார். வந்த பந்தைத் தன் இரண்டு கால்களுக்கு இடையில் கவ்விப் பிடித்தார். ஓடிவந்த மூன்று பேரும் வேகத்தை அடக்க முடியாமல் வலைக்குள் போய் விழுந்தார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் கால்பந்து பார்த்துவிட்டேன், அப்படி ஒரு தடுப்பை அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை என்ற பொருளில் அந்த வாசகர் முடித்திருந்தார்.

அந்தக் கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன். கடிதம் அச்சானபோது அவர் இறந்து பதினோரு ஆண்டு முடிந்திருந்தது. அதே யார்க்‌ஷயர் வட்டாரத்தில், எட்லிங்டன் என்ற சுரங்க ஊரின் இடுகாட்டில், பெயர்க்கல் இல்லாத மூன்றாம் வகுப்புக் குழியில் அவர் கிடந்தார்.

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது அவருடைய வாழ்க்கை. எங்கோ ஆப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் பந்தாடிய ஒருவருக்கு இந்தப் பகுதியில் என்ன வேலை என்று நம் வாசகர்கள் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். படித்த பிறகும் அப்படிக் கேட்கத் தோன்றினால் நம் எழுத்தில்தான் குறை.

ஆர்தர் வார்ட்டன் 1865 அக்டோபர் 28 அன்று, அப்போது கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட இன்றைய கானாவில், அக்ரா நகரின் ஜேம்ஸ்டவுன் பகுதியில் பிறந்தார். ஜேம்ஸ்டவுன் கடலோர மீனவர் குடியிருப்பு. ஆங்கிலேயர் கட்டிய கோட்டை ஒன்றின் நிழலில் வளர்ந்த ஊர். தந்தை ஹென்றி வார்ட்டன் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் மிஷனரி. ஸ்காட்லாந்து நாட்டுத் தகப்பனுக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்த தாய்க்கும் பிறந்தவர் அவர். தன் முன்னோரை விலங்கிட்டு ஏற்றிய அதே கரைக்கு, கையில் வேதப்புத்தகத்தோடு திரும்பி வந்தார். தாய் ஆனி ஃபுளோரன்ஸ், ஃபான்டி மக்களின் அரச குடும்பத்தோடு உறவுடையவர்.

ஆக வார்ட்டன் ஏழையாகப் பிறக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை தவறாகிவிடும். படிப்பு இருந்தது, குடும்பப் பெருமை இருந்தது, ஓரளவு பணமும் இருந்தது. இவையெல்லாம் இருந்தால் இழிவு தானே விலகிவிடும் என்று நமக்கும் அடிக்கடி அறிவுரை கிடைக்கிறது அல்லவா? வார்ட்டனின் கதையை அதற்காகவே கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஆர்தர் சிறுவனாக இருந்தபோதே 1873-இல் தந்தை இறந்துவிட்டார். அடுத்த ஆண்டே கோல்டு கோஸ்ட் முறைப்படி ஆங்கிலேய முடியரசின் காலனி ஆனது. தந்தையின் வழியில் பையனும் மிஷனரியாகவோ ஆசிரியராகவோ வர வேண்டும் என்பது வீட்டார் விருப்பம். அதற்காக இங்கிலாந்தில் படிக்க அனுப்பினார்கள். பள்ளிகள் மாறி, 1880-களின் நடுவில் அவர் வந்து சேர்ந்த இடம் வட இங்கிலாந்தின் டார்லிங்டன் ஊரில் இருந்த கிளீவ்லாந்து கல்லூரி. ரயில் வரலாறு படித்த மாணவர்களுக்கு டார்லிங்டன் தெரிந்த பெயராக இருக்கும். 1825-இல் நீராவி ரயில் ஓடத் தொடங்கிய ஸ்டாக்டன் டார்லிங்டன் பாதையின் ஊர் அது.

வார்ட்டன் வந்து சேர்ந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லின் நகரத்தில் ஐரோப்பிய அரசுகள் கூடி உட்கார்ந்து, ஆப்பிரிக்காவை யார் யார் எப்படி எடுத்துக்கொள்வது என்று விதி வகுத்தன. அந்த மேசையில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. கறுப்பர்கள் பிறவியிலேயே அறிவில் தாழ்ந்தவர்கள் என்பதை மண்டையோடு அளந்து நிரூபிக்கப் புறப்பட்ட பேராசிரியர்கள் அன்று மரியாதைக்குரிய அறிஞர்களாக உலவினார்கள். அதே 1885-இல்தான் டார்லிங்டன் கால்பந்து அணியின் கோலில் இருபது வயதுகூட நிரம்பாத வார்ட்டன் போய் நின்றார்.

படிக்க வந்தவருக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. கிரிக்கெட் ஆடினார், சைக்கிள் பந்தயம் விட்டார், எல்லாவற்றுக்கும் மேலாக ஓடினார். அந்தக் காலத்தில் வட இங்கிலாந்தின் சிற்றூர்களில் ஓட்டப் பந்தயம் நம் ஊர்த் திருவிழாப் பந்தயம் போல் நடக்கும். பரிசாகக் கோப்பை, கடிகாரம், பாத்திரம் பண்டம் கிடைக்கும். வார்ட்டன் இப்படி ஊர் ஊராக ஓடி வென்றுகொண்டே போனார்.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்லப்படும் சம்பவங்கள் இரண்டு உண்டு. ஒரு பந்தயத்துக்கு முன்னால் உடன் ஓடுகிறவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. ஒரு கறுப்பனை ஜெயிப்பதா நமக்குப் பெரிய வேலை என்ற தோரணையில் பேச்சு. வார்ட்டன் நேரே அவர்கள் முன்னால் போய் நின்று, ஓட்டம் இருக்கட்டும், குத்துச்சண்டை போட வருகிறீர்களா என்று கேட்டாராம். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். இன்னொன்று, மிடில்ஸ்பரோவில் நடந்த பந்தயம். தானே முதலில் வந்ததாக வார்ட்டன் நம்பினார். நடுவர்கள் இரண்டாம் பரிசைக் கொடுத்தார்கள், கீரை பரிமாறும் கிண்ணம் ஒன்று. அதை அங்கேயே உடைத்துப் போட்டுவிட்டு வந்தார் என்று சொல்வார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து போகிற ஆளாக அவர் இல்லை. மிஷனரி ஆகியிருந்தால் சபைக்குச் சற்றுத் தலைவலியாகத்தான் இருந்திருப்பார்.

1886 ஜூலை முதல் வாரம். லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் இங்கிலாந்தின் தேசியத் தடகளப் போட்டி. 100 கஜ ஓட்டத்தில், அதாவது ஏறத்தாழ 91 மீட்டரில், வார்ட்டன் எடுத்த நேரம் சரியாக 10 விநாடி. தேசியப் பட்டமும் அவருக்கு, உலக சாதனையும் அவருக்கு. இந்த நேரத்தின் மதிப்பு தெரிய வேண்டுமானால் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்து ஆண்டு கழித்து 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் எடுத்த நேரம் 12 விநாடி. ஓடுதளம் வேறு, தூரமும் ஒன்பது மீட்டர் கூடுதல்தான். இருந்தாலும் அந்த இடைவெளி சிறியதல்ல. மறு ஆண்டு 1887-லும் அதே தேசியப் பட்டத்தை வார்ட்டன் வென்றார்.

பெர்லினில் வரைபடத்தைக் கூறுபோட்டு ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. இங்கிலாந்தின் அதிவேக மனிதர் கோல்டு கோஸ்ட்டிலிருந்து வந்த ஒரு கறுப்பு மாணவர் என்று அவர்களுடைய கடிகாரமே சொல்லிவிட்டது.

இனி கால்பந்துக்கு வருவோம். நம் ஊர்களில் பிள்ளைகள் பந்தாடும்போது கோலில் நிற்க யாரை அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஓட முடியாதவன், வயதில் சின்னவன், இல்லாவிட்டால் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்துச் சேர்க்கப்பட்ட அடுத்த தெருப் பையன். நாட்டிலேயே வேகமாக ஓடுகிற ஒருவர் ஏன் அசையாமல் கோலில் நின்றார் என்று தோன்றுவது இயல்பு. அன்றைய விதிகளைப் பார்த்தால் அது அப்படியொன்றும் விசித்திரமில்லை.

அன்று கோல்கீப்பர் என்பவர் இன்று நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் கோல்கீப்பர் அல்ல. தனி நிறச் சட்டை கிடையாது. மற்ற பத்துப் பேர் போட்ட அதே சட்டைதான். அது மாறியது 1909-இல். பெனால்டி பகுதிக்குள் மட்டுமே கையால் தொடலாம் என்ற கட்டுப்பாடு வந்தது 1912-இல். அதற்கு முன்பு தன் பாதி மைதானத்தில் எங்கு வேண்டுமானாலும் பந்தைக் கையால் ஆடலாம், ஏந்திக்கொண்டு ஓடுவதற்குத்தான் தடை. ஆகவே கோலை விட்டுப் பாய்ந்து வெளியே வந்து, எதிராளி பந்தை எட்டும் முன் தான் எட்டுகிறவருக்குப் பெரிய அனுகூலம். 10 விநாடியில் 100 கஜம் ஓடுகிற கால்களுக்கு அங்கே வேலை இருந்தது.

ஆனால் அடியும் அங்கேதான் அதிகம். 1890-களின் தொடக்கம் வரை கோல்கீப்பரிடம் பந்து இல்லாவிட்டாலும் தோளால் மோதித் தள்ளலாம், விதி தடுக்காது. ஒருவர் பந்தை உதைப்பார், இன்னும் இரண்டு பேர் கோல்கீப்பரை உதைக்காத குறையாக இடித்துத் தரையில் சாய்ப்பார்கள். வலைகூட 1891-க்குப் பிறகுதான் வந்தது. 24 அடி அகலம், 8 அடி உயரமுள்ள வாயிலை வெறுங்கையோடு காக்க வேண்டும். பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஆளோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளிவிடுவார்கள் என்பதால், முட்டியால் குத்தித் தூர அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். வார்ட்டனின் குத்து அப்படிப்பட்டது என்று அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வியந்திருக்கிறார்கள்.

அவருடைய நிற்பும் விசித்திரம். கோலின் நடுவில் நிமிர்ந்து நிற்காமல், கம்பத்தை ஒட்டி ஒரு மூலையில் குந்தியிருப்பார். ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போல் தோன்றும். எதிராளி வாயில் காலியாக இருக்கிறது என்று நினைத்துப் பந்தை அடிக்கும் கடைசி நொடியில் பாய்ந்து எழுவார். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தெரிந்தாலும் அது கணக்கு. இடித்துத் தள்ள வருகிறவனுக்கு ஆள் எங்கே இருக்கிறான் என்று கடைசி வரை தெரியக் கூடாது.

டார்லிங்டனில் இந்த ஆட்டத்தைப் பார்த்து 1886-இல் அவரை அழைத்துக்கொண்டது பிரஸ்டன் நார்த் எண்ட். இது சாதாரண அழைப்பு அல்ல. லங்காஷயரின் பருத்தி ஆலை நகரமான பிரஸ்டனின் அணி அன்று இங்கிலாந்தின் மிக வலுவான அணிகளில் ஒன்று. அதை நடத்திய வில்லியம் சடெல் ஓர் ஆலை நிர்வாகி. ஸ்காட்லாந்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைக் கூலி கொடுத்து வரவழைத்தவர். விளையாட்டுக்குக் கூலியா என்று தெற்கத்திய கனவான்கள் கொதித்தார்கள். சண்டை முற்றி, 1885-இல்தான் கால்பந்துச் சங்கம் ஊதியம் வாங்கி ஆடுவதைச் சட்டப்படி அனுமதித்தது.

இந்தச் சண்டையை நம் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். நிலமும் வருமானமும் உள்ளவன் பொழுதுபோக்காக ஆடினால் அமெச்சூர், கனவான். ஆலையிலும் சுரங்கத்திலும் உழைக்கிறவன், ஆட்டத்துக்குப் போனதால் இழந்த கூலியைக் கேட்டால் அவன் கீழானவன். உழைப்புக்குக் காசு வாங்குவதே இழிவு என்கிற மனநிலை நமக்குப் புதிதா என்ன? இங்கிலாந்தின் கிரிக்கெட் மைதானங்களில் கனவான் வீரர்களுக்கும் ஊதிய வீரர்களுக்கும் தனித்தனி வாயில், தனித்தனி அறை என்று வைத்திருந்தார்கள்.

பிரஸ்டனில் வார்ட்டன் அமெச்சூராகவே ஆடினார். தேசியத் தடகளப் போட்டியில் ஓட வேண்டுமானால் காசு வாங்கியவர் என்ற பெயர் வரக் கூடாது. 1886-87 பருவத்தில் இங்கிலாந்தின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கோப்பையில் பிரஸ்டன் அரையிறுதி வரை சென்றது. அந்த அணியின் கோல்கீப்பர்களில் வார்ட்டனும் ஒருவர். அரையிறுதியில் வெஸ்ட் பிராம்விச் அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். டார்லிங்டனில் வேடிக்கையாகக் கோலில் நின்ற மாணவர், இரண்டே ஆண்டில் நாட்டின் முதல் வரிசை அணிக்கு வந்து சேர்ந்திருந்தார். அவ்வளவு வேகமான ஏற்றம்.

அந்த ஏற்றத்தை எப்படி எதிர்கொண்டார்கள்? 1887 அக்டோபரில் ஒரு விளையாட்டு இதழ் அவருடைய ஆட்டத்தைக் குறைசொல்ல வந்தது. கோல்கீப்பர் இப்படிச் சேட்டை செய்யலாமா என்பது விமர்சனம். விமர்சிக்கட்டும், அது பத்திரிகையின் உரிமை. ஆனால் எழுதியவர் ஆட்டத்தோடு நிற்கவில்லை. அவருடைய தோலை இழுத்தார், மண்டையின் தடிமனைக் கேலி செய்தார், அந்த மண்டைக்குள் புத்தி ஏறாது என்கிற வரைக்கும் போனார். அளந்து நிரூபிக்கப் புறப்பட்ட பேராசிரியர்களின் பாடம் விளையாட்டுப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. இதே காலத்து வெள்ளைக்கார கோல்கீப்பர்கள் சேட்டை செய்தால் அது சுவாரஸ்யமான குணம் என்று எழுதப்பட்டது. அதற்கு ஓர் உதாரணம் சற்று நேரத்தில் வரும்.

1888-இல் வார்ட்டன் பிரஸ்டனை விட்டு விலகினார். முழுநேரமும் ஓட்டத்தில் இறங்கி அதில் சம்பாதிக்கலாம் என்று முடிவு செய்தார். ஷெஃபீல்டில் அன்று ஹேண்டிகேப் ஓட்டம் என்று ஒன்று பிரபலம். வேகமானவர் பின்னால் நின்று புறப்படுவார், மற்றவர்கள் அவரவர் திறமைக்கேற்ப முன்னால் நின்று புறப்படுவார்கள். பந்தயப் பணம் புரளும். அங்கே குயின்ஸ் மைதானத்தில் அந்த ஆண்டு நடந்த பெரிய பந்தயத்தை வார்ட்டன் வென்றார். இனி அமெச்சூர் இல்லை, கனவானும் இல்லை.

அவர் எடுத்த முடிவுகளில் காலம் அவரைக் கேலி செய்தது இதில்தான். அவர் விலகிய அதே 1888 செப்டம்பரில் 12 அணிகளோடு இங்கிலாந்தில் கால்பந்து லீக் தொடங்கியது. முதல் பருவத்திலேயே பிரஸ்டன் 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 சமன், ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்றது. எஃப்.ஏ. கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் தூக்கியது. வெல்லப்பட முடியாதவர்கள் என்று இன்று வரை அந்த அணியை அழைக்கிறார்கள். அந்தப் படத்தில் வார்ட்டன் இல்லை.

1889-இல் கால்பந்துக்குத் திரும்பினார், இந்த முறை ஊதியம் வாங்கும் தொழில்முறை வீரராக. யார்க்‌ஷயரின் இரும்பு, நிலக்கரி ஊரான ராதர்ஹாமின் டவுன் அணி அவரை எடுத்துக்கொண்டது. உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று இன்று அவரைக் குறிப்பிடுவது இதிலிருந்துதான். இங்கே ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். அவருக்கு முன்பே பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த ஆண்ட்ரூ வாட்சன் என்ற கறுப்பினத்தவர், 1881-இல் ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கி, லண்டனிலேயே இங்கிலாந்தை 6-1 என்று தோற்கடித்திருக்கிறார். அவர் அமெச்சூராகப் பெயர் பெற்றவர். முதலாமவர் யார் என்ற பட்டியலில் ஒருவரை ஏற்றும்போது இன்னொருவரை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. முதலாமவர் என்ற பட்டத்தைவிட, இந்த இரண்டு பேரையுமே நூறு ஆண்டு யாரும் பேசவில்லை என்பதுதான் நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

ராதர்ஹாம்தான் வார்ட்டனின் நல்ல காலம். 1890-இல் எம்மா லிஸ்டர் என்ற உள்ளூர்ப் பெண்ணை மணந்தார். மதுவிடுதி ஒன்றை எடுத்து நடத்தினார். அன்றைய ஆட்டக்காரர்கள் பலருக்கும் அதுதான் பக்கத்தொழில். ராதர்ஹாம் டவுன் மிட்லண்ட் லீக் பட்டத்தை அடுத்தடுத்து இரண்டு பருவம் வென்று, 1893-இல் கால்பந்து லீக்கின் இரண்டாம் பிரிவில் இடம் பிடித்தது. வார்ட்டன் என்றால் கூட்டம் வரும். கம்பத்தில் தொங்கிய கதையும் ராதர்ஹாம் அணிக்காக ஆடிய நாட்களுடையதுதான்.

1894-இல் முதல் பிரிவில் இருந்த ஷெஃபீல்டு யுனைடெட் அவரை அழைத்தது. அதே ஆண்டு அதே அணி இன்னொரு கோல்கீப்பரையும் எடுத்தது. இருபது வயது வில்லியம் ஃபோக். ஆறடியைத் தாண்டிய உயரம். பின்னாளில் உடல் எடை 120 கிலோவைத் தாண்டியது. கோபம் வந்தால் எதிராளியைத் தூக்கிச் சேற்றில் எறிவார் என்பார்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் செல்லப் பிள்ளைகளில் ஒருவர். முன்னால் சொன்ன உதாரணம் இவர்தான். ஃபோக்கின் சேட்டைகள் நூறு ஆண்டாக ரசித்து ரசித்துச் சொல்லப்படுகின்றன. யாரும் அவருடைய மண்டையோட்டை அளக்கவில்லை. ஃபோக் பெரிய ஆட்டக்காரர், அதில் நமக்குச் சந்தேகம் இல்லை, இங்கிலாந்துக்காகவும் ஆடினார். 29 வயது வார்ட்டன் அவருக்கு மாற்று ஆளாக உட்கார வேண்டியதாயிற்று.

யுனைடெட்டுக்காக வார்ட்டன் ஆடியது மூன்றே ஆட்டம். அதில் ஒன்று 1895 பிப்ரவரி 23 அன்று சண்டர்லாந்து அணிக்கு எதிரான முதல் பிரிவு ஆட்டம். சண்டர்லாந்து அந்த ஆண்டின் சாம்பியன். இங்கிலாந்தின் உச்சப் பிரிவில் ஒரு கறுப்பின வீரர் களமிறங்கியது அன்றுதான் முதல்முறை. அந்த ஒரு நாளை அவருடைய ஏற்றத்தின் உச்சி என்று சொல்லலாம்.

இங்கிலாந்து நாட்டு அணிக்கு அவரை ஒருபோதும் தேர்வு செய்யவில்லை. 1925-இல் பிளிமத் அணியின் ஜாக் லெஸ்லி என்ற கறுப்பின வீரரை நாட்டு அணிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து மூத்தோர் அணியில் ஒரு கறுப்பினத்தவர், விவ் ஆண்டர்சன், ஆட 1978 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும்போது நம் நாட்டில் அதே காலத்தில் வாழ்ந்த ஒருவர் நினைவுக்கு வராமல் போகாது. புனேயில் ஆங்கிலேயர் கிளப்பில் மைதானப் பணியாளராக இருந்து, துரைமார்களுக்குப் பந்து வீசியே தேர்ந்த பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். அவர் எறிந்த பந்தைத் தொட்ட சக ஆட்டக்காரர்கள், தேநீர் இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி மண் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். இரட்டைக் குவளை மைதானத்திலும் இருந்தது. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் நூற்றுக்கு மேல். ஆனாலும் இந்துக்கள் அணியின் தலைமை கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1923-இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. வார்ட்டனும் பாலுவும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கைத்திறமை வேண்டும், கைக்குரியவர் வேண்டாம் என்பதை இரண்டு பேரும் தனித்தனியாக அனுபவித்தார்கள்.

சண்டர்லாந்து ஆட்டத்துக்குப் பிறகு இறக்கம்தான். மீண்டும் ராதர்ஹாம், பிறகு ஸ்டேலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட். ஆஷ்டன் அணி 1899-இல் திவாலானது. மறுபடி ஸ்டேலிபிரிட்ஜ். கடைசியாக இரண்டாம் பிரிவில் இருந்த ஸ்டாக்போர்ட் கவுண்டி. சில ஆட்டங்களில் கோலை விட்டு விங் பகுதியிலும் ஓடியிருக்கிறார். குடிப்பழக்கம் அதற்குள் அவரைப் பிடித்துவிட்டது. மதுவிடுதி நடத்தியவருக்கு அது தொழில் கொடுத்த நோய் என்று விட்டுவிடலாமா, வேறு காரணமும் உண்டா என்று நாம் ஊகிக்கப் போவதில்லை. 1902-இல், 36 வயதில், ஆட்டம் நின்றது.

அன்று தொழில்முறை வீரருக்கு ஓய்வூதியம் கிடையாது, சேமிப்பு நிதி கிடையாது. மிஷனரி படிப்பைப் பாதியில் விட்டவர், உலக சாதனை ஓட்டக்காரர், முதல் பிரிவில் ஆடியவர், கடைசியில் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாளாகச் சேர்ந்தார். எட்லிங்டனில் இருந்த யார்க்‌ஷயர் மெயின் சுரங்கத்தில், வெட்டிய கரியைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. 1926-இல் கூலிக் குறைப்பை எதிர்த்து பிரிட்டன் முழுவதும் சுரங்கத் தொழிலாளர் மாதக்கணக்கில் வேலையின்றிப் பட்டினி கிடந்தார்கள். அப்போது வார்ட்டனுக்கு வயது அறுபதை ஒட்டி.

1930 டிசம்பர் 13 அன்று, 65 வயதில், புற்றுநோய் உள்ளிட்ட நோய்களால் டான்காஸ்டர் அருகே ஒரு நோயாளர் விடுதியில் இறந்தார். பெயர்க்கல் வைக்கப் பணம் இல்லை.

இங்கிலாந்து ஓட்டத்தின் சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, லீக் ஆட்டக் குறிப்புகளில் இருந்தது. அவர் கறுப்பினத்தவர் என்பது மட்டும் எங்கும் இல்லை. பெயரைப் படிப்பவர்கள் அதை ஒரு வெள்ளைக்காரரின் பெயர் என்றே எடுத்துக்கொண்டு கடந்தார்கள். 1970-களிலும் 80-களிலும் இங்கிலாந்து மைதானங்களில் கறுப்பின வீரர்கள்மேல் ரசிகர்கள் வாழைப்பழம் எறிந்தார்கள். குரங்கு போல் கத்தினார்கள். நேற்று வந்தவர்கள் நீங்கள் என்ற தொனி அதில் இருந்தது. தொழில்முறைக் கால்பந்து சட்டபூர்வமான நான்கே ஆண்டில் அந்த மைதானத்தில் கூலி வாங்கி நின்ற கறுப்பினத்தவர் ஒருவர் உண்டு என்பது எறிந்தவர்களுக்கும் தெரியாது, அடி வாங்கியவர்களுக்கும் தெரியாது.

வரலாற்றாளர் ஃபில் வாசிலி பழைய செய்தித்தாள்களையும் பதிவேடுகளையும் புரட்டி வார்ட்டனின் வாழ்க்கையைத் திரட்டினார். அது 1998-இல் நூலாக வந்தது. அதற்கு முன்பே, ஷெஃபீல்டில் கால்பந்து மைதானங்களில் இனவெறிக்கு எதிராக வேலை செய்த உள்ளூர் அமைப்பொன்று பணம் திரட்டி, 1997 மே 8 அன்று எட்லிங்டன் இடுகாட்டில் அந்தக் குழியின்மேல் ஒரு பெயர்க்கல் நட்டது. அவர் இறந்து 66 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 2003-இல் இங்கிலாந்துக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2014 அக்டோபரில், தேர்வுக்கு அவரை ஒருமுறைகூட அழைக்காத இங்கிலாந்து நாட்டு அணியின் பயிற்சி மையமான செயின்ட் ஜார்ஜஸ் பார்க் வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலையில் அவர் தரையில் நிற்கவில்லை. எம்பி, கையை நீட்டி, பந்தைக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார்.